அண்ணன் பெயரில் பன்னிரண்டு தாள்கள்

திங்கட்கிழமை, காலை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதை நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானும் வைத்துக்கொள்கிறேன். உன் தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. உன் மனைவியிடம் கேட்டு இந்த முகவரியை வாங்கினேன். தர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள்.

ஒரு முறை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உன் அண்ணன் போய் ஏழாவது வாரம். ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்து, அவருடைய அலமாரிக்கு முன்னால் நின்றாய். “ஏன் அண்ணி, கடையில ஒயரிங் பண்ணத் தனியாப் பதிவு வேணும்னு சட்டத்துல எழுதி வச்சிருக்காங்களே, இது கடை, இது வீடுன்னு கரண்டுக்குத் தெரியுமா?” என்றாய். முப்பத்தொரு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவளிடம் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியும். ஆனால் சிரித்துவிட்டேன். ஏழு வாரத்தில் வந்த முதல் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்து, பதிவு எண் பொறித்த ரப்பர் முத்திரையை எடுத்து உன் கையில் கொடுத்தேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் அதில் வரும். பாடத்தை ஆரம்பத்திலிருந்து தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். பொறுத்துக்கொள்.

போன வியாழக்கிழமை உன் அண்ணன் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. மின் ஆய்வு அலுவலகத்திலிருந்து. ஆற்றோரச் சாலையில் உள்ள சலவைக் கூடத்தில் அவர் செய்து முடித்ததாகச் சான்றளித்த மின்வேலையைப் பற்றி, பதினைந்து நாட்களுக்குள் அவரே நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. சான்றிதழின் தேதியையும் போட்டிருந்தார்கள். அந்தத் தேதியில் அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது கையில் சிவப்புப் பேனா இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து போய் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தொட்டிகளிலிருந்து தண்ணீர் வழிந்த பிறகுதான், காலையிலேயே ஊற்றியிருந்தது நினைவுக்கு வந்தது.

சலவைக் கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியும். தெரிந்த இரண்டாம் நாள்தான் நீ ஊரைவிட்டுப் போனாய். நீ அறியாதது, அதன் பிறகு நடந்தது. சனிக்கிழமை ஆய்வாளர் வீட்டுக்கே வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல ஜலதோஷம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் தும்மல், பின்னால் “மன்னிச்சிருங்கம்மா”. நான் இறப்புச் சான்றிதழை எடுத்து, அவர் கொண்டுவந்த வேலை முடிப்புச் சான்றிதழின் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் இல்லை.

“சாரோட பழைய வேலைங்களை நிறையப் பார்த்திருக்கேன்மா. ஒவ்வொரு மெஷினுக்கும் போர்டுலேர்ந்து தனி எர்த் போட்டிருப்பாரு. இங்க போய்ப் பார்த்தா ஒரே கம்பி, மெஷின் மெஷினா ஏறி இறங்கிப் போகுது. இது அவர் கை இல்லையேன்னு தோணிச்சு. அதனாலதான் நேர்ல வந்தேன்” என்றார்.

அதைக் கேட்டு எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷமோ வருத்தமோ. ஒன்றும் தோன்றவில்லை. “டீ போடட்டுமா?” என்று கேட்டேன்.

டீயைக் குடித்துவிட்டு, “அப்ப இந்தக் கையெழுத்து யாருதும்மா?” என்றார். “தெரியலையே” என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்ன பொய்யை ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நல்ல கையெழுத்து.

அது யார் போட்டது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் போன பிறகு சில சனிக்கிழமை சாயங்காலங்களில் நீ வருவாய். “அண்ணி, அண்ணனுக்கு ஒரு வேலை வந்திருக்கு” என்பாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். முத்திரை குத்திய தாளைச் சாப்பாட்டு மேசையில் விரிப்பாய். நான் அவருடைய பேனாவை எடுத்து, அவருடைய பெயரை, அவர் போடுவது போலவே போடுவேன். அவர் இருந்தபோதே வங்கிப் படிவத்துக்கும் வாடகை ரசீதுக்கும் “நீயே போட்டுடேன்” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்ட கையெழுத்து அது. கடைசி எழுத்தின் வாலைச் சட்டென்று மேலே தூக்குவார். அந்த இடத்துக்கு என் கை வரும்போது, அவர் உள்ளறையில் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார், வேலைக்குக் கிளம்பப் போகிறார் என்று இருக்கும். அந்த வருடத்தில் எனக்கு ஏதாவது இருந்தது என்றால், அது ஒன்றுதான்.

பன்னிரண்டு தாள்கள். சலவைக் கூடம் அதில் ஒன்று. மற்ற பதினொன்றும் எந்தெந்த இடத்துக்கு என்று எனக்குத் தெரியாது. கேள்வியை முழுவதும் படிக்காமல் பதில் எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளின் தாளில் எழுதியிருக்கிறேன்! நான் தாளின் அடிப்பாகத்தை மட்டும்தான் பார்த்தேன். மேலே கடையின் பெயரும் முகவரியும் இருந்தன. அங்கே என் கண் போகவே இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கடை எது, வீடு எது என்று கரண்டுக்குத் தெரியும், தம்பி. வீட்டில் இஸ்திரிப் பெட்டி அரை மணி நேரம் சூடாகும், பிறகு ஓய்வு. கடையில் கம்பிக்கு ஓய்வு கிடையாது. வீட்டில் ஒரு சுவிட்சில் லேசாக ஷாக் அடித்தால் அம்மா எல்லோரிடமும் சொல்லிவிடுவாள், யாரும் தொட மாட்டார்கள். கடையில் இன்றைக்குச் சேர்ந்தவளிடம் யார் சொல்வார்கள்?

எர்த் கம்பிக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வழி தவறிய மின்சாரத்தை யார் மேலும் பாயாமல் மண்ணுக்குக் கூட்டிப்போகிற கம்பி அது. பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கச் சொல்வோம். முதல் பிள்ளையின் கையை டீச்சர் பிடித்திருப்பாள். நடுவில் ஒரு பிள்ளை கையை விட்டுவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் டீச்சர் கையில் இல்லை. ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. வரிசை வரிசையாகவேதான் இருக்கும். சலவைக் கூடத்தில் மூன்றாவது மெஷினைப் பழுது பார்க்கக் கழற்றி எடுத்துப்போனார்கள். நாலாவதும் ஐந்தாவதும் அன்றிலிருந்து யார் கையிலும் இல்லை. ஒன்பது நாள் கழித்து நாலாவது மெஷினின் உடம்பில் கரண்ட் வந்தது. ஈரக் கையோடு ஒரு பெண் அதன் கதவைத் திறந்தாள்.

கரண்ட் கசிந்தால் தானே அணைந்து காப்பாற்றியிருக்க வேண்டிய ட்ரிப்பரும் வேலை செய்யவில்லை. சும்மா சும்மா விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி நேராக இணைத்திருக்கிறார்கள். முதலாளி உன்னைச் சொல்கிறார். நீயா அவரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

எத்தனை கடை என்று தெரியாவிட்டாலும், வேறு இடங்களிலும் நீ அப்படித்தான் கம்பி போட்டிருப்பாய் என்று ஆய்வாளர் நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தத் தாள்கள் அந்தந்தக் கடைக்காரரிடம்தான் இருக்கும், அலுவலகத்துக்குப் போவதில்லை. அவற்றின் நகல் புத்தகம் உன்னிடம் இருக்கிறது. அந்தப் பதினோரு முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. உன் பெயர் போட வேண்டாம். யார் அனுப்பியது என்று நான் சொல்ல மாட்டேன்.

உன் மனைவிக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் வண்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைத்தளத்து வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில் ஐந்து வரி. மடித்த இடத்தில் கிரீஸ் கறை. அங்கேயும் கம்பி இழுக்கும் வேலைதான் செய்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

“லிஸ்ட் கேக்காதீங்க அண்ணி. எல்லாத் தாள்லயும் இருக்கிறது உங்க கையெழுத்து. நான் வாயைத் திறந்தா பன்னெண்டு தடவை நீங்க மாட்டுவீங்க. நான் ஓடிப் போனவனாவே இருந்துட்டுப் போறேன். அண்ணன் உங்களை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காரு” என்று எழுதியிருக்கிறாய்.

பயந்து ஓடினாய் என்று நான் நினைத்திருந்தேன். உன் மனைவியும் அப்படித்தான் நினைக்கிறாள். “ஊரை விட்டுப் போனா, சுவத்துல போட்ட ஒயரும் பின்னாடியே போயிடுமாக்கும்?” என்று என் அடுக்களையில் நின்றுகொண்டு பாத்திரங்களிடம் கேட்டாள். எனக்காகத்தான் போனாய் என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் கோபம் என் பக்கம் திரும்பும். அது நியாயம்தான். ஆனால் இப்போது அதைத் தாங்கும் தெம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பார்க்க. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன். இரண்டாம் மாடி, சன்னல் ஓரக் கட்டில். முப்பத்துநாலு வயது. கூட வேலை செய்கிறவர்கள் சின்னக்கா என்று கூப்பிடுகிறார்கள். அங்கே ஒரு பெரியக்காவும் உண்டாம். ஒரு டீச்சர், பார்க்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் பிள்ளையின் டீச்சர் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கை பளபளவென்று, வேறு யாருடைய தோலோ போல இருக்கிறது. இடது கையால் ஆரஞ்சை உரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்துத் தொடங்கினாள். நான் வாங்கி உரித்துக் கொடுத்தேன். “கை காஞ்ச பிறகுதான் மெஷினைத் தொடணும்னு போர்டு எழுதி மாட்டியிருக்காங்க டீச்சர். லாண்டரியில என்னைக்கு டீச்சர் கை காயும்?” என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அவளே உன்னைப் பற்றிச் சொன்னாள். “ஒயரிங் பண்ணினாரே அந்த அண்ணன், தங்கமான மனுசன். நாங்க போன் சார்ஜ் போட இடமில்லைன்னு சொன்னதும், முதலாளி கண்ணுல படாம மெஷினுக்குப் பின்னாடி ஒரு பிளக் வச்சுக் குடுத்தாரு. அவரைப் போட்டுத் தேடுறாங்களாமே. என்னால அவர் பொழப்பு போயிடுமா டீச்சர்?” என்று கேட்டாள்.

போகாது என்று சொன்னேனா, தெரியாது என்று சொன்னேனா, நினைவில்லை. மீதி ஆரஞ்சையும் உரித்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

படியிறங்கி, பேருந்தில் ஏறி, வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. நேராக மின் ஆய்வு அலுவலகத்துக்குப் போனேன். யோசித்து எடுத்த முடிவு என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. நிறுத்தம் போய்க்கொண்டே இருந்தது, நான் உட்கார்ந்தே இருந்தேன்.

ஆய்வாளருக்கு ஜலதோஷம் விடவில்லை. “கையெழுத்து நான் போட்டது. பன்னிரண்டு தாளிலும் நான்தான் போட்டேன்” என்றேன். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். “டீச்சர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுதிட்டா எழுதினதுதான்” என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதி முடித்து, கீழே கையெழுத்துப் போடச் சொல்லித் தாளைத் திருப்பினார். பேனாவை வைத்ததும் என் கை உன் அண்ணன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். “வேற தாள் தரேன் டீச்சர்” என்றார். இரண்டாவது தாளில் என் பெயரைப் போட்டேன். புதிதாய் எழுதப் பழகும் பிள்ளை எழுதியது போல இருந்தது.

எனவே தம்பி, நீ காப்பாற்ற நினைத்த பொருள் இப்போது அங்கே இல்லை. நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு தடவை மாட்டுவேன் என்றாய். ஒரே தடவையில் முடிந்துவிட்டது. விசாரணைக்குத் தேதி வரும் என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுத் தேர்வுக்கான பாடப்புத்தகத்தை அலுவலகத்திலேயே வாங்கி வந்து படித்தேன். நீ ஒரு தடவை எழுதி, எழுத்துத் தேர்வில் நான்கு மதிப்பெண்ணில் தவறினாயே, அதே தேர்வு. “உக்காரு, நான் சொல்லித் தரேன்” என்று நானும் சொன்னேன், “அடுத்த வருசம் பார்க்கலாம் அண்ணி” என்று நீயும் சொன்னாய். எர்த் பற்றி அதில் பதினோராம் பக்கத்திலிருந்து ஒரு முழுப் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிக் கம்பி, ஒன்றைக் கழற்றினால் மற்றொன்று அறுபடக் கூடாது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. பதிவு என்று அவர்கள் கேட்பது இதைத்தான் என்று அப்போது தோன்றியது. ஒரு ஆள் கெட்டிக்காரனா இல்லையா என்று அவர்கள் பார்ப்பதில்லை. பதினோராம் பக்கத்தை அவன் படித்தானா என்று யாராவது ஒருவர் ஒரு தடவை கேட்கிறார்கள், அவ்வளவுதான். நானும் நீயும் அந்த ஒருவரைத் தாண்டிப் போய்விட்டோம்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வருடம் அவரோடு வேலை செய்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தெரியும். கம்பி இழுப்பதும் குழாய் பதிப்பதும் நீ. கடைசி நாள் போர்டையும் எர்த்தையும் அவர் தனியாக முடிப்பார். உன்னை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொல்வார், “முடிச்சுப் போடுற வேலையை நான் யாருக்கும் விடமாட்டேன்” என்று. நான் அதைக் கேட்டுக்கொண்டு சோறு போட்டிருக்கிறேன். டீச்சர்தான் நான். அப்படி என்றால் இவனுக்கு எப்போது தெரியும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இருந்தால் இன்று அவரைக் கேட்டிருப்பேன். அவர் மேல் கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும். கோபமும் வரவில்லை.

ஆகவே இது உன் ஒருவன் தலையில் விழ வேண்டியது இல்லை. மூன்று பேர் பங்கு. அதில் ஒருவர் பதில் சொல்ல வர மாட்டார். மீதி இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

முகவரிகளை அனுப்பு. எனக்கு வேண்டாம், நேராக அலுவலகத்துக்கே அனுப்பு. அலுவலக முகவரியை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் அண்ணி


புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

பன்னிரண்டு நாளாகிறது. உன்னிடமிருந்து தபால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் மனைவிக்கு ஒரு அழைப்பு வந்ததாம். “யாரும் பேசலைக்கா. மூச்சு மட்டும் கேட்டுச்சு. எனக்குத் தெரியாதா அந்த மூச்சு? ரெண்டு நிமிசம் திட்டினேன். அது வரைக்கும் வைக்கவே இல்ல, அப்புறம் வச்சுட்டாரு” என்றாள். நீ எனக்காகத்தான் போனாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்து என் வீட்டுக் காய்கறியை எல்லாம் நறுக்கிவைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாளைக்குப் போதும்.

நான் இப்போது தினமும் காலையில் ஆய்வாளரோடு கடைகளுக்குப் போகிறேன். பல தாள்களில் தேதி கண்ணாடிச் சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது, அவருக்கு உண்மையான கையெழுத்தையும் பொய்யையும் பிரிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்ப்பேன். அவருடையதென்றால், “இது அவர்” என்பேன். என்னுடையதென்றால், “இது நான்” என்பேன். நாற்பத்தேழு கடைகள் ஏறி இறங்கியிருக்கிறோம். நேற்று ஒரு முடிதிருத்தும் கடையில் உன் அண்ணன் இருபது வருடம் முன்னால் போட்டது ஒன்று இருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நான் போடும் வால் அவ்வளவு சரியாக இல்லை.

உன்னுடையவற்றில் இதுவரை மூன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம். ரொட்டிக் கடை, ஒரு தையல் கூடம், ஒரு அச்சகம். மூன்றிலும் சங்கிலி போலத்தான் எர்த் ஓடுகிறது. அச்சகத்தில் இரண்டாவது மெஷினை விற்றுவிட்டார்கள். அங்கே நான்கு பேர் மூன்று வாரமாக எந்தக் கையையும் பிடிக்காமல் வேலை செய்திருக்கிறார்கள். ரப்பர் செருப்புப் போட்டிருந்தார்கள், தரை காய்ந்திருந்தது. அவ்வளவுதான். ஆய்வாளர் மெயினை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இன்னும் எட்டு இருக்கு டீச்சர்” என்றார். அன்று அவர் தும்மவில்லை.

என் விசாரணை வரும் மாதம் பதினான்காம் தேதி. எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. வந்தால் வாசல் திறந்திருக்கும், அதையும் எழுதிவைக்கிறேன்.

உன் மூச்சை உன் மனைவி கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று புரிகிறது. எட்டு முகவரியையும் எழுதி, உறையில் போட்டு, அரசாங்கத்துக்கு அனுப்புவது உனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. வகுப்பிலும் இப்படிச் சில பிள்ளைகள் உண்டு. எட்டுக் கணக்கு கொடுத்தால் எட்டையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், மணி அடித்துவிடும். அவர்களை நான் திட்டியது கிடையாது. புத்தகத்தை வாங்கி, ஏழு கணக்கைக் கையால் மூடிவிடுவேன்.

நீயும் ஏழை மூடிவிடு. நகல் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திற. அதிலிருக்கும் கடையின் எண்ணுக்குப் பேசு. உன் பெயரைச் சொல்ல வேண்டாம், என் பெயரையும் சொல்ல வேண்டாம். “மெயினை அணைச்சிருங்க, மெஷின் எதையும் யாரும் தொடாதீங்க, மின் ஆய்வு அலுவலகத்தைக் கூப்பிடுங்க” என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிடு. ஒரு கடை போதும். இதைப் படித்து முடித்ததும் செய்து பார்.

உன் அண்ணி